ஸ்டூடியோ கணினி வழியாகப் போன பணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் ஒரு தாலுகா ஊர். அங்கே இருபது வருடத்துக்கு மேலாக நடக்கும் ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோ. வருமானத்தில் பெரும்பகுதி கல்யாண ஆல்பத்திலிருந்து. முகூர்த்தம் இல்லாத நாட்களில் பாஸ்போர்ட் சைஸ் படம், ஆதார் பிரிண்ட், லேமினேஷன். உரிமையாளர் ஐம்பதைத் தாண்டியவர். பணம், கணக்கு எல்லாம் அவர் மனைவி பொறுப்பு. ஆல்பம் டிசைன் செய்ய ஓர் இளைஞர். நான் அதே தெருவில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நடந்தது 2024 ஆவணியில். மூவரும் சம்மதித்ததால் எழுதுகிறேன். பெயர், ஊர், வங்கி எதுவும் வராது.

டிசைனுக்கு என்று வாங்கிய கணினிதான் உரிமையாளரின் எல்லா வேலைக்கும் கணினி. குரோமில் அவருடைய சொந்த ஜிமெயில் கணக்கு எப்போதும் திறந்திருக்கும். நெட் பேங்கிங் உட்பட எல்லாப் பாஸ்வேர்டுகளும் அதில் சேமித்தவை. கிரெடிட் கார்டு எண்ணும் அதிலேயே. டெஸ்க்டாப்பில் ‘முக்கியம்’ என்ற எக்ஸெல் கோப்பு. இரண்டு கார்டுகளின் எண், காலாவதி மாதம், சிவிவி (பின்புறம் உள்ள ரகசிய இலக்கங்கள்) மூன்றும் அதில் இருந்தன. வாட்ஸ்அப் வெப் ஒரு டேபில். இன்னொரு டேபில் கைப்பேசிக் குறுஞ்செய்திகளைக் கணினியிலேயே படிக்கும் வசதி. டிசைன் வேலைக்கு நடுவே ஓடிபி பார்க்கக் கைப்பேசியைத் தேட வேண்டாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. விண்டோஸில் ஒரே ஒரு பயனர், அதுவும் நிர்வாகி உரிமையோடு.

கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் திறந்தே இருந்தது. எப்போதோ வெளிநாட்டுத் தளம் ஒன்றில் லென்ஸ் உதிரி வாங்கத் திறந்தது, அப்புறம் யாரும் மூடவில்லை.

சனிக்கிழமை இரவு

ஆவணி முகூர்த்த ஆல்பங்கள் குவிந்திருந்தன. தோல் நிறத்தைச் சீராக்கும் ஃபோட்டோஷாப் பிளக்-இன் ஒன்று தேவைப்பட்டது. டிசைன் செய்யும் தம்பி யூடியூபில் தேடி, ஒரு வீடியோவின் கீழே இருந்த சுட்டியிலிருந்து, காசு கட்டாமல் ஓடும்படி உரிமப் பூட்டை உடைத்த ‘கிராக்’ பதிப்பை இறக்கினார். ஜிப் கோப்பு, அதற்கு ஒரு பாஸ்வேர்டு. கூடவே ஒரு குறிப்பு: ‘நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்.’ கிராக் மென்பொருளில் இது வாடிக்கை என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவதற்குக் காரணம் உண்டு. பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று மெயில் சேவையோ பிரவுசரோ எட்டிப்பார்க்க முடியாது.

கோப்பை இயக்கினார். கறுப்பு ஜன்னல் ஒன்று வந்து மறைந்தது. பிளக்-இன் வரவில்லை. ‘டூப்ளிகேட் போல’ என்று விட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஞாயிறு கடை விடுமுறை. ஆல்பக் கோப்புகள் அச்சிடும் லேபுக்கு அப்லோடு ஆகிக்கொண்டிருந்ததால் கணினி அணைக்கப்படவில்லை, ஞாயிறு இரவும் சேர்த்து.

திங்கட்கிழமை தெரிந்தவை

விடியற்காலை 4 மணிக்கு மேல் கிரெடிட் கார்டில் டாலரில் மூன்று பரிவர்த்தனைகள், மொத்தம் ஏறத்தாழ 61,000 ரூபாய். எதற்கும் ஓடிபி கேட்கப்படவில்லை. உள்நாட்டில் இணையத்தில் கார்டு பயன்படுத்தினால் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்ற நம் ரிசர்வ் வங்கியின் விதி வெளிநாட்டு வணிகரைக் கட்டுப்படுத்தாது. எண், காலாவதி மாதம், சிவிவி கையில் இருந்தால் அங்கே பெரும்பாலும் போதும்.

அதற்கு அரை மணி நேரம் கழித்து, சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டிலிருந்து உள்நாட்டு வாலட் ஒன்றுக்கு மூன்று தவணையில் 48,000 ரூபாய். இதற்கு ஓடிபி வந்திருக்கிறது, சரியாக உள்ளிடப்பட்டும் இருக்கிறது. கைப்பேசி சைலன்டில், உரிமையாளரின் தலைமாட்டில் கிடந்தது. வழக்கைப் பின்னால் சிக்கலாக்கியது இந்த 48,000தான்.

ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் ‘ஒரே நாளில் பணம் இரட்டிப்பு’ என்று கிரிப்டோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் காலை ஆறு மணிக்குப் போன் செய்த பிறகுதான் உரிமையாளர் குறுஞ்செய்திகளையே பார்த்தார்.

வங்கி மின்னஞ்சலிலும் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. இன்பாக்ஸில் ஒன்றும் இல்லை.

முதல் ஒரு மணி நேரம்

உரிமையாளர் நேரே கடைக்குப் போய், அதே கணினியில் உட்கார்ந்து ஜிமெயில் பாஸ்வேர்டையும் நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் மாற்றினார். பதற்றத்தில் எல்லோரும் செய்வது இதுதான். திருடன் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள் நின்றுகொண்டு பூட்டை மாற்றுவது மாதிரி. அந்த இரண்டு புதிய பாஸ்வேர்டுகளையும் போனவையாகவே வைத்துக்கொண்டோம்.

நான் போனதும் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். கணினியை அணைக்கவில்லை, என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. இனி எந்தப் பாஸ்வேர்டும் இதில் தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மனைவியின் கைப்பேசியிலிருந்து, அதுவும் கடை வைஃபை இல்லாமல் சிம் டேட்டாவில் செய்தோம்.

வரிசையைத் தீர்மானிப்பதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. இன்ஸ்டாகிராம்தான் முதலில் என்றார் உரிமையாளர். ஊரெல்லாம் பார்க்கும் மானப்பிரச்சினை. அது நியாயம்தான். ஆனால் பணம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கார்டு, அப்புறம் 1930 உதவி எண், அப்புறம் ஜிமெயில், அப்புறம்தான் மற்றவை என்று முடிவு செய்தோம்.

கார்டை முடக்க எண் தேடி கூகுளில் போகவில்லை. வங்கி வாடிக்கையாளர் சேவை என்று தேடினால் மோசடிக்காரர்களின் எண்களும் வரும். மனைவி கார்டைத் திருப்பி அதன் பின்புறம் இருந்த எண்ணுக்கே அழைத்தார். இரண்டு கார்டுகளும் முடக்கப்பட்டன, நெட் பேங்கிங் பூட்டப்பட்டது. புகார் எண்ணையும் நேரத்தையும் அவர் பில் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துவைத்தார். பின்னால் வங்கியோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுக்க அந்தப் பின்னட்டையை வைத்துத்தான்.

அடுத்தது 1930. உள்துறை அமைச்சகத்தின் சைபர் நிதி மோசடி உதவி எண். புகார் பதிவானதும் சம்பந்தப்பட்ட வங்கிக்கும் வாலட் நிறுவனத்துக்கும் உடனே தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்திவைப்பார்கள். வெளிநாட்டு வணிகருக்குப் போன டாலர் தொகையில் இந்த வழி பெரிதாக உதவாது. வாலட்டுக்குப் போனதில் உதவியது: 48,000இல் 19,500 ரூபாய் அடுத்த இடத்துக்கு நகர்வதற்குள் முடக்கப்பட்டது. மீதி முன்னமே போயிருந்தது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் விவரங்களையும் பதிவேற்றி, ஒப்புகை எண் வாங்கினோம்.

ஜிமெயிலில் கண்டது

பாஸ்வேர்டை மறுபடி மாற்றுவது சுலபமான பகுதி. மீட்பு மின்னஞ்சல் என்ற இடத்தில் தெரியாத ஒரு முகவரி சேர்ந்திருந்தது. அதை விட்டிருந்தால் எத்தனை முறை பாஸ்வேர்டு மாற்றினாலும் அவன் திரும்ப வந்துகொண்டே இருந்திருப்பான். ஃபில்டர் பகுதியில் ஒரு புதிய விதி: வங்கியின் பெயரோ இன்ஸ்டாகிராமின் பெயரோ உள்ள மின்னஞ்சல்கள் நேரே குப்பைக்கு. இன்பாக்ஸ் அமைதியாக இருந்ததன் காரணம் இதுதான். திருடனின் இந்த வேலை ஒரு வகையில் நமக்கே உதவியது. குப்பையில் போட்டவை முப்பது நாள் அங்கேயே கிடக்கும். அதில் ‘உங்கள் கணக்கின் மின்னஞ்சல் மாற்றப்பட்டது, நீங்கள் செய்யவில்லை என்றால் இங்கே அழுத்தவும்’ என்ற இன்ஸ்டாகிராமின் கடிதம் கிடைத்தது. அந்தச் சுட்டி வழியாகவே மதியத்துக்குள் பக்கம் திரும்ப வந்தது.

திறந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் எல்லாவற்றையும் வெளியேற்றினோம். இந்த வகைத் திருட்டு நிரல்கள் பாஸ்வேர்டோடு நிற்பதில்லை, பிரவுசரில் இருக்கும் குக்கீகளையும் (இவர் ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்று தளம் விட்டுவைக்கும் அடையாளம்) அள்ளிக்கொள்ளும். உள்நுழைந்த நிலையிலேயே உள்ள குக்கீ இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும் வேண்டாம். தளத்துக்கு அவன் நீங்களேதான். அதனால் ஒவ்வொரு கணக்கிலும் பாஸ்வேர்டு மாற்றுவதோடு ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் செய்தோம். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்கள், குறுஞ்செய்தி இணைப்பு இரண்டையும் கைப்பேசியிலிருந்தே துண்டித்தோம்.

பிரவுசரில் நூற்றுக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் சேமித்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றுவது நல்லதுதான், ஆனால் உட்கார்ந்து மாற்ற ஆள் இல்லை. பணம் சம்பந்தப்பட்டவை, ஜிஎஸ்டி தளம், ஆல்பம் லேப் கணக்குகள், சமூக ஊடகம் ஆகியவற்றை அன்றே மாற்றினோம். பழைய ரயில் டிக்கெட் தளங்கள், எப்போதோ சேர்ந்த ஃபான்ட் தளங்கள் எல்லாம் காத்திருந்தன. ஆனால் பிரவுசரின் சேமிப்பிலிருந்து அன்றே எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம்.

கணினியை என்ன செய்வது

இதற்கு நடுவில்தான் டிசைன் செய்யும் தம்பி வந்து, “அண்ணா, ஒண்ணு சொல்லணுங்க” என்று சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னார். உரிமையாளர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், “எந்த ஃபோல்டர்ல இருக்குதுன்னு காட்டு தம்பி” என்றார். திட்டவில்லை. அந்த ஒரு தகவலால்தான் எப்போது, எது வழியாக நுழைந்தது என்பது உறுதியானது. அவர் பயந்து கோப்பை அழித்திருந்தால் அதை வங்கிக்குக் காட்ட எங்களிடம் வழி இருந்திருக்காது.

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் சி டிரைவ் முழுவதும் ‘சோதிக்க வேண்டாம்’ பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் புதிதாக ஒரு பணி, கணினி திறக்கும்போதெல்லாம் ஒளிந்திருக்கும் ஒரு நிரலைத் தூக்கிவிடுவதற்கு. பாஸ்வேர்டு திருடும் நிரலோடு, தூரத்திலிருந்து திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் கருவியும் வந்திருந்தது. குறுஞ்செய்தி டேப் இரவு முழுக்கத் திறந்திருந்த கணினி அது. ஓடிபி எப்படிப் போனது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கணினியை அணைத்தோம்.

ஆன்டிவைரஸ் ஓட்டிச் சுத்தம் செய்தால் போதாதா, ஆல்பம் கொடுக்க வேண்டிய தேதி நெருங்குகிறதே என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காவலாளியின் கண்ணையே கட்டிவைத்த கணினியில் அவன் ‘எல்லாம் சுத்தம்’ என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை. ஆனால் உடனே எல்லாவற்றையும் அழிக்கவும் கூடாது, போலீஸும் வங்கியும் கேட்கலாம். எல்லாக் கோப்புகளும் இருக்கும் பழைய எஸ்எஸ்டியைக் கழற்றித் தேதி எழுதி உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி அதில் விண்டோஸ் நிறுவினோம். நிறுவும் பென் டிரைவை என் கடைக் கணினியில் தயாரித்தேன். புதிய எஸ்எஸ்டிக்கு ஆன மூவாயிரத்துக்குள்ளான செலவு, இந்த நிகழ்வில் யோசிக்காமல் செய்யக்கூடிய ஒரே செலவு.

பழைய எஸ்எஸ்டியிலிருந்து படங்களையும் ஆல்பக் கோப்புகளையும் மட்டும், அதிலிருந்த விண்டோஸைத் திறக்காமல், லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து எடுத்தோம். இயக்கக்கூடிய எந்தக் கோப்பும் வரவில்லை, பழைய பிளக்-இன்கள் உட்பட.

வங்கியோடு

அப்போது அடிப்படையாக இருந்தது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. அதன்படி: தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பே இல்லை. நாலு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. தெரிவித்ததிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. ஆனால் அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் தெரிவிக்கும் வரை அவருடையது.

டாலர் பரிவர்த்தனைகளில் தகராறு இல்லை. ஓடிபி இல்லை, கார்டு உரிமையாளர் ஊரிலேயே இருந்தார், அன்று காலையே புகார். படிவம் கொடுத்தார்கள், தற்காலிக வரவு வந்தது, பிறகு அதுவே நிரந்தரமானது.

48,000 விஷயத்தில் வங்கியின் முதல் பதில் மூன்றே வரி: ஓடிபி சரியாக உள்ளிடப்பட்டது, எனவே பரிவர்த்தனை வாடிக்கையாளரால் அங்கீகரிக்கப்பட்டது, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. இந்த வார்ப்புப் பதிலைப் பார்த்ததும் நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். உரிமையாளரின் மனைவி விடவில்லை. ஓடிபி உள்ளிடப்பட்டது என்பதும் வாடிக்கையாளர் கொடுத்தார் என்பதும் ஒன்றல்ல என்று, டாஸ்க் ஷெட்யூலர் படங்கள், ஜிமெயிலில் தெரியாத சாதனம் உள்நுழைந்த பதிவு, 1930 ஒப்புகை எண் எல்லாவற்றையும் இணைத்து வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதினார். முப்பது நாட்களில் பதில் வராததால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் இணையவழியே புகார். 2021இல் வந்த திட்டம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

அங்கே வங்கி பிடித்துக்கொண்டது அந்த எக்ஸெல் கோப்பை. கார்டு எண்ணோடு சிவிவியும் எழுதி வைத்தது கவனக்குறைவுதானே என்று. இதற்கு எங்களிடம் வலுவான பதில் இல்லை. சமரசப் பேச்சில், முடக்கப்பட்டது போக மீதி 28,500இல் பாதி, 14,250 ரூபாய் தருவதாக வங்கி சொன்னது. ஏற்றுக்கொண்டார்கள். தீர்ப்பு வரை போயிருக்கலாம் என்பது என் எண்ணம். அவர்களுக்கு ஐப்பசி முகூர்த்தம் வந்துவிட்டது.

வாலட்டில் முடங்கிய 19,500 தானாக வரவில்லை. அப்போது அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 457ஆக இருந்தது, மனு போட்டு வாங்கினார்கள். பொங்கல் தாண்டித்தான் பணம் கணக்கில் விழுந்தது.

இரண்டாவது வலை

புகார் கொடுத்த மறுநாள் ஓர் அழைப்பு. ‘சார், சைபர் கிரைமிலிருந்து பேசறோம், உங்க பணம் கிடைச்சிடுச்சு.’ கார்டின் கடைசி நான்கு எண், கணக்கு வைத்திருப்பவரின் முழுப்பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் ‘ரீஃபண்ட் படிவம்’ என்று ஓர் ஏபிகே கோப்பும், அதாவது கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பும், வந்தது. திருடிய விவரங்கள் விற்கப்படுவதால், ஒரு முறை ஏமாந்தவரைத் தேடி இப்படி இரண்டாவது ஆள் வருவது வழக்கம். இதை முதல் நாளே சொல்லிவைத்திருந்ததால் மனைவி கோப்பைத் தொடவில்லை, எண்ணை மட்டும் புகாரில் சேர்த்தார்.

இப்போது மாறியிருப்பவை

டிசைன் கணினியில் தம்பிக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர். பணம் தொடர்பான எதுவும் அந்தக் கணினியில் நடப்பதில்லை. வங்கி வேலை மனைவியின் கைப்பேசியில் மட்டும். ஜிமெயிலுக்கு, உள்நுழையும் குறியீட்டைக் கைப்பேசியிலேயே தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி, அதன் மாற்றுக் குறியீடுகள் காகிதத்தில் பீரோவுக்குள். குறுஞ்செய்தியைக் கணினியோடு இணைப்பது நின்றது. கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடப்பட்டது; இந்த சுவிட்சை எல்லா வங்கிகளும் வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும் என்பது 2020இலிருந்தே ரிசர்வ் வங்கி விதி. வேண்டும்போது திறந்து, வாங்கியதும் மூடலாம். வங்கிக் குறுஞ்செய்திக்கு மட்டும் சைலன்டிலும் ஒலிக்கும்படி கைப்பேசியை மாற்றினோம்.

கிராக் மென்பொருள் முழுவதும் நின்றுவிட்டதா என்றால், ஃபோட்டோஷாப் மாதச் சந்தா கட்டுகிறார்கள். பிளக்-இன்களில் வேலைக்கு அவசியமான ஒன்றை மட்டும் வாங்கினார்கள், மற்றவற்றைத் தம்பி ஃபோட்டோஷாப்புக்குள்ளேயே ஆக்‌ஷன் எழுதிச் சமாளிக்கிறார். சிறிய ஊர் ஸ்டூடியோவுக்கு மாதாமாதம் கட்டுவது எளிதல்ல. ஆனால் அந்த மாதம் போன நாட்களையும் தள்ளிப்போன ஆல்பங்களையும் சேர்த்தால் எது விலை அதிகம் என்ற கேள்வி அவர்களுக்குள் எழவில்லை.

தீராத ஒன்று

கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வாடிக்கையாளர்களின் ஆதார், ரேஷன் கார்டு நகல்கள் நிறைய இருந்தன. பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, அழிக்கப்படாதவை. இந்த வகை நிரல்கள் ஆவணக் கோப்புகளையும் எடுத்துச் செல்லக்கூடியவை. சொன்னால் கடைப் பேர் கெடும் என்று உரிமையாளர் தயங்கினார். மனைவிதான் சொல்லியே ஆக வேண்டும் என்றார்: “நம்மள நம்பித்தானுங்க அனுப்பினாங்க.” கைப்பேசியில் எண் இருந்தவர்களையெல்லாம் அழைத்து, ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கும் முறையைச் சொன்னார்கள். சிலர் கோபப்பட்டார்கள், சிலருக்கு விஷயமே புரியவில்லை, கடையை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. எண் இல்லாமல் வந்துபோனவர்களுக்குச் சொல்ல வழி கிடைக்கவில்லை. இப்போது கடை மூடும்முன் அந்த ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வது தம்பியின் வேலை.